காரீயக் குண்டும் பலகோணக் குழலும்



ஈயம் என்னும் ஒரே சொல்லால் நம் நாட்டார் இரு வேறு உலோகங்களைக் குறித்து வந்திருக்கின்றனர். ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் பூசும் பூச்சும் வெள்ளீயத்தின் பாற்பட்டவை. மீன் வலையின் அடியில் கட்டும் குண்டும், மோட்டார் வண்டியின் மின்கலத்துத் தகடும், பழைய அச்சுக்கூடங்களில் கோத்த எழுத்தும் காரீயத்தின் பாற்பட்டவை. முன்னது உணவோடு உறவாடுவது. பின்னது உணவின் பக்கமே வரக்கூடாதது. எங்கள் கே.ஜி.கண்டிகையில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் தெருவில் குரல் கொடுத்து வந்த காலத்தில், எந்த ஈயம் என்று கேட்டுத் தெளிந்த பின்னரே பாத்திரத்தை வெளியே எடுத்து வைக்கும் பெரியவர்கள் இருந்தார்கள். பெயர் ஒன்றாயினும் இயல்பு வேறு என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இன்று நாம் ஆராயப் புகுவது காரீயத்தைப் பற்றியது. சில நவீன கைத்துப்பாக்கிகளின் குழல்கள் உட்புறத்தில் பலகோண வடிவாக அமைந்துள்ளன. அவற்றில் வார்ப்புக் காரீயக் குண்டுகளைச் செலுத்தலாகாது என்று துப்பாக்கி செய்வோர் எச்சரிக்கின்றனர். இந்த விலக்குக்குக் காரணம் யாது? அது வெறும் வணிகர் சொல்லா, அல்லது பௌதிக உண்மையா? இதனை அறிந்துகொள்வது துப்பாக்கி ஏந்துவோர்க்கு மட்டும் உரிய பொருள் அன்று. உலோகத்தின் மென்மை, குழலின் வடிவம், வாயுவின் அழுத்தம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இசையாவிடில் நேரும் கேட்டை இது தெள்ளத் தெளியக் காட்டும். அன்றியும், இப்பொருளின் வரலாறு நம் தமிழ்நாட்டு மண்ணையும் தொட்டுச் செல்கிறது.

முதலில் இரண்டு சொற்களுக்குப் பொருள் வரையறுத்துக் கொள்வோம். தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதனுள் அடைத்த மருந்து, முனையில் பொருத்திய குண்டு ஆகிய யாவும் சேர்ந்த முழுப்பொருள். குண்டு என்பது அவற்றுள் குழலை விட்டுப் பறந்து செல்லும் பகுதி மட்டுமே. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

குண்டுக்குக் காரீயத்தை ஏன் தேர்ந்தார்கள்? அது 327 பாகை சென்டிகிரேடில் உருகிவிடும். அடுப்புக் கரியின் வெப்பமே அதற்குப் போதும். செம்பு உருக 1,085 பாகை வேண்டும். மேலும், காரீயம் தண்ணீரினும் பதினொரு மடங்குக்கு மேல் கனமானது. சிறிய உருவத்தில் பெரிய எடை இருப்பதால் காற்றைக் கிழித்துக்கொண்டு வேகம் குன்றாமல் செல்லும். அதன் மென்மையால் இரும்புக் குழலைத் தேய்ப்பதும் இல்லை. இந்த மூன்று குணங்களால் பல நூற்றாண்டுகள் காரீயமே குண்டின் உலோகமாக விளங்கிற்று. நம் நாட்டுத் துப்பாக்கிகளில் வாய்ப்புறமாக மருந்தையும் ரவையையும் இட்டுக் கெட்டித்த காலத்தில் குழலின் உட்புறம் வழவழப்பாக இருந்தது. அங்கே காரீயத்துக்கு யாதொரு தொல்லையும் இல்லை.

தொல்லை தொடங்கியது புரி வந்தபோது. குழலின் உட்சுவரில் திருகாணியின் மரை போலச் சுற்றிச் சுற்றிச் செல்லும் வரிப்பள்ளங்களையே புரி என்கிறோம். சங்கில் வலம்புரி, இடம்புரி என இரு வகை இருப்பது போலக் குழலிலும் இரு வகையும் உண்டு. புரியின் பயனைப் பம்பரத்தைக் கொண்டு சிறுவர்க்கும் விளக்கலாம். சுழலாத பம்பரம் நிற்காமல் சாயும். சுழலும் பம்பரம் தன் அச்சை விடாமல் நிமிர்ந்து நிற்கும். அவ்வாறே புரியால் சுழற்றப்பட்ட குண்டு தலைகீழாகப் புரளாமல் முனை முன்னாகச் செல்லும்.

இந்த உண்மையைக் கணித முறையில் ஆராய்ந்தவர்களுள் தலைசிறந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1742இல் பீரங்கிக் கலையின் புதிய தத்துவங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தொங்கும் ஊசல் ஒன்றின் மீது குண்டைச் செலுத்தி, ஊசல் எவ்வளவு தூரம் அசைகிறது என்பதைக் கொண்டு குண்டின் வேகத்தை அளந்த முறையை அந்நூலில் விளக்கினார். பெருங்கணிதர் ஆய்லர் அந்நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்து விரிவுரையும் எழுதினார். 1747இல் ராபின்ஸ் புரிக்குழலைப் பற்றி இங்கிலாந்தின் ராயல் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். புரிக்குழலின் சிறப்பை எந்த நாடு முழுமையாக உணர்ந்து தன் படைக்கு அளிக்கிறதோ, அந்த நாடு பிற நாடுகளை விஞ்சும் என்பது அவர் கருத்து. அந்த ராபின்ஸ் தம் இறுதி நாட்களை எங்கே கழித்தார் தெரியுமா? நம் கடலூரில். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிடும் தலைமைப் பொறியாளராக 1750இல் இந்தியா வந்த அவர், தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் 1751ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் காய்ச்சலால் மறைந்தார். புரிக்குழலின் விஞ்ஞானத்துக்கு அடிகோலிய அறிஞரின் வாழ்வு தமிழ்நாட்டுக் கடற்கரையில் முடிந்தது.

புரியின் பயனை அறிந்தும் படைகள் அதனை நூறாண்டுக் காலம் பெரும்பாலும் ஏற்கவில்லை. காரணம் எளியது. குண்டு புரியைப் பற்ற வேண்டுமானால் குழலில் இறுக்கமாகப் பொருந்த வேண்டும். இறுக்கமான குண்டை வாய்ப்புறமிருந்து இடித்து உள்ளே தள்ளுவதற்கு நேரம் ஆகும். போர்க்களத்தில் அந்த நேரம் கிடைப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அடிப்புறம் குழிந்த காரீயக் குண்டைத் தளர்வாக உள்ளே இட்டனர். மருந்து வெடித்தவுடன் குண்டின் அடிப்பகுதி விரிந்து புரியைக் கவ்விக்கொண்டது. காரீயத்தின் மென்மையே இங்கே உபாயம் ஆயிற்று.

1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கி இவ்வகையைச் சேர்ந்தது. அதன் தோட்டா காகிதத்தால் ஆனது. குழலில் இலகுவாக இறங்கவும், கருமருந்தின் கசடு படியாமல் இருக்கவும் காகிதத்தின் மேல் கொழுப்பு தடவப்பட்டது. அந்தக் கொழுப்பு பசுவினுடையது, பன்றியினுடையது என்னும் செய்தி 1857ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் பரவியதும், மே 10ஆம் நாள் மீரட்டில் கிளர்ச்சி மூண்டதும் பள்ளி மாணவரும் அறிந்த வரலாறு. அப்பேரெழுச்சிக்கு அரசியல் காரணங்கள் பல உண்டு. ஆயினும், கொழுப்பு எதற்காகத் தடவப்பட்டது என்பதைப் பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. மென்மையான காரீயமும் புரிக்குழலும் கூடும் இடத்தில் மெழுக்கு இன்றியமையாதது. இன்றும் வார்ப்புக் குண்டுகளுக்குத் தேன்மெழுகு போன்ற ஒன்றைப் பூசுவதே வழக்கம்.

அதே காலத்தில் மான்செஸ்டர் நகரத்துப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் வேறொரு வழியைச் சிந்தித்தார். திருகாணிகளின் மரைக்கு ஒரே அளவுத் திட்டம் வகுத்துப் புகழ்பெற்றவர் இவரே. பள்ளமும் மேடுமாகப் புரி வெட்டுவதற்கு மாறாக, குழலின் உட்புறத்தையே அறுகோணமாக அமைத்து, அந்த அறுகோணத்தைத் திருகிவிட்டால் என்ன என்று அவர் எண்ணினார். அதற்கேற்பக் குண்டையும் திருகிய அறுகோணமாகவே செய்தார். பூட்டும் சாவியும் போல இரண்டும் பொருந்தின. 1857இல் நடந்த சோதனைகளில் அவருடைய துப்பாக்கி என்ஃபீல்டைத் துல்லியத்தில் வெகுவாக வென்றது. 1860இல் விம்பிள்டனில் நடந்த போட்டியின் தொடக்கத்தில் விக்டோரியா அரசியார் சுட்டதும் விட்வொர்த் துப்பாக்கியினாலேயே. எனினும் பிரிட்டிஷ் படை அதனை ஏற்கவில்லை. விலை மிக அதிகம், குறுகிய குழலில் கசடு விரைவில் படிகிறது என்பன காட்டிய காரணங்கள்.

நேயர்கள் இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பலகோணக் குழலில் முதன்முதல் வெற்றியுடன் சென்றது காரீயக் குண்டே. எனவே காரீயத்துக்கும் பலகோணத்துக்கும் பிறவிப் பகை ஒன்றும் இல்லை. விட்வொர்த்தின் குண்டு குழலின் உருவத்துக்கு ஏற்பச் செய்யப்பட்டது. மருந்தும் அழுத்தம் குறைந்த கருமருந்து. இந்த இரு நிபந்தனைகளும் மாறியபோதுதான் இடர் தோன்றியது.

விட்வொர்த்துக்குப் பின் வந்தவர் வில்லியம் எல்லிஸ் மெட்ஃபோர்டு. இவரும் ஒரு பொறியாளர். 1857இல் கிழக்கிந்திய ரயில்வேப் பணிக்காக இந்தியா வந்து, உடல்நலம் குன்றித் திரும்பியவர். கூரிய விளிம்புகள் இருக்கும் இடத்தில்தான் கசடு தங்குகிறது என்பதை உணர்ந்த இவர், ஆழம் குறைந்த, விளிம்பு மழுங்கிய புரியை வகுத்தார். 1888இல் பிரிட்டிஷ் படை ஏற்ற லீ–மெட்ஃபோர்டு துப்பாக்கியில் ஏழு பள்ளங்கள் கொண்ட இந்தப் புரியே இருந்தது. ஆனால் விரைவில் கருமருந்து போய்ப் புகையில்லா மருந்தாகிய கார்டைட் வந்தது. கார்டைட்டின் கடும் வெப்பம் மெட்ஃபோர்டின் மெல்லிய புரியை அரித்துத் தேய்த்துவிட்டது. ஆகவே 1895இல் ஐந்து ஆழமான பள்ளங்கள் கொண்ட என்ஃபீல்டுப் புரிக்கு மாறினார்கள். அந்தக் கார்டைட்டை இந்தியாவிலேயே ஆக்குவதற்காக 1903இல் நிறுவப்பட்டதுதான் நீலகிரியில் குன்னூரை அடுத்த அருவங்காடு தொழிற்சாலை. அது இன்றும் இயங்கி வருகிறது.

புகையில்லா மருந்து இன்னொரு மாறுதலையும் கொணர்ந்தது. வேகம் ஏறவே, வெறுங்காரீயம் புரியைப் பற்ற இயலாமல் வழுக்கிக் குழலில் ஒட்டத் தொடங்கியது. 1880களில் சுவிட்சர்லாந்து நாட்டு எட்வர்டு ரூபின் முதலியோர் காரீயத்தின் மேல் செம்பு அல்லது செம்புக் கலவையால் ஒரு கவசம் இட்டனர். இதனைக் கவசக் குண்டு என்போம். டம்டம் ஆயுதச்சாலையில் 1890களில் அந்தக் கவசத்தை முனையில் மட்டும் திறந்துவிட்டு, உடலில் பாய்ந்ததும் விரிந்து கொடும் புண் உண்டாக்கும் குண்டைச் செய்தனர். 1899இல் ஹேகில் கூடிய மாநாடு அத்தகைய குண்டுகளைப் போரில் விலக்கியது. ஒரு வங்காளத்துச் சிற்றூரின் பெயர் உலக மொழிகளில் ஏறியது இவ்வாறுதான்.

இனி இக்காலத்துக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் குழலை அடித்து உருவாக்கும் முறை வளர்ந்தது. உட்புற வடிவத்தை எதிர்முகமாகச் செதுக்கிய ஒரு கடினமான கோலை எஃகுக் குழலுக்குள் செலுத்தி, வெளியே நாற்புறமும் இயந்திரச் சம்மட்டிகளால் அடிப்பார்கள். கன்னார் தகட்டைப் படியின் மேல் வைத்துத் தட்டி உருவம் எடுப்பதற்கு இது ஒப்பானது. இம்முறைக்கு மூலைகள் இல்லாத உருவம் மிகவும் ஏற்றது. ஆகவே விட்வொர்த்தின் பலகோணம் மூலைகள் உருண்ட புதிய கோலத்தில் மீண்டும் பிறந்தது. 1982இல் ஆஸ்திரிய நாட்டுப் படை ஏற்றுக்கொண்ட கிளாக் கைத்துப்பாக்கி இவ்வகைக் குழலோடு உலகெங்கும் பரவியது. நம் தேசியப் பாதுகாப்புப் படையினரும் கிளாக்கைக் கையாளுகின்றனர். இதற்கு மாறாக, இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் ஆக்கப்பட்டு நம் படைகளிலும் காவல் துறைகளிலும் நெடுங்காலம் வழங்கி வரும் 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி, பிரௌனிங் மாதிரியைப் பின்பற்றியது. அதன் குழலில் மேடும் பள்ளமுமாக வெட்டிய பழைய முறைப் புரியே உள்ளது.

பலகோணக் குழலின் நன்மைகள் பல. குண்டின் மேல் கூரிய மேடுகள் ஆழமாக அழுந்தாமையால் கவசம் சிதைவதில்லை. வாயு பக்கவாட்டில் கசிவது குறைகிறது. துடைத்துத் தூய்மை செய்வது எளிது. குழலும் நெடுநாள் உழைக்கும். ஒரு குறையும் உண்டு. குண்டின் மேல் ஆழமான கீறல்கள் விழாமையால், எந்தத் துப்பாக்கியிலிருந்து அது வந்தது என்று தடய ஆய்வாளர் ஒப்பிட்டுக் காண்பது கடினமாகிறது.

பாதுகாப்புப் பணியில் உள்ள என் பழைய மாணவர் ஒருவர், “ஐயா, காரீயக் குண்டு கூடாது என்று எங்களுக்கு ஆணை இருக்கிறது; ஏன் என்று கேட்டால், கூடாதென்றால் கூடாது என்கிறார்கள்; தாங்கள் விளக்க வேண்டும்” என்று வினவினார். காரணம் தெரியாத விதியை மனிதன் அவசரத்தில் மறந்துவிடுவான். காரணம் தெரிந்த விதி அவனோடு தங்கும். ஆகவே அவருக்குச் சொன்னதை இங்கே சற்று விரித்துரைக்கிறேன்.

ஒரு 9 மில்லிமீட்டர் குண்டு விநாடிக்கு ஏறக்குறைய 360 மீட்டர் வேகத்தில் குழலை விட்டு வெளியேறுகிறது என்று கொள்வோம். கிளாக்கின் புரி 250 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று. கணக்கிட்டுப் பார்த்தால் குண்டு விநாடிக்கு 1,440 சுற்றும், நிமிடத்துக்கு 86,400 சுற்றும் சுழல்கிறது. ஒரு நாளில் எத்தனை விநாடிகளோ, ஒரு நிமிடத்தில் அத்தனை சுற்றுகள்! குழலின் நீளமோ 114 மில்லிமீட்டர்தான். ஓய்ந்திருந்த குண்டு அரைச் சுற்றுக்கும் குறைவான பாதையில் இந்தச் சுழற்சி முழுவதையும் பெற்றாக வேண்டும். அதனைச் சுழற்றுவது குழலின் சுவர். சுழல மறுப்பது குண்டின் நிலைமம். இந்த இழுபறியில் குண்டின் மேற்பரப்பு எவ்வளவு உறுதியாகக் கவ்வப்பட்டிருக்கிறது என்பதே கேள்வி.

மிதிவண்டி பழுது பார்ப்போர் அறிந்த ஓர் உவமை கூறுவேன். மூலைகள் தேய்ந்து உருண்டுபோன ஸ்பானரைக் கொண்டு ஓர் இரும்பு நட்டைத் திருகினால், நட்டு கடினமானதாகையால் ஓரளவு திரும்பும். அதே ஸ்பானரால் ஈயத்தில் செய்த நட்டைத் திருகினால், நட்டு திரும்பாது. அதன் மூலைகள் வழிந்துவிடும். வழிந்த உலோகம் ஸ்பானரின் உட்புறத்தில் அப்பிக்கொள்ளும். பலகோணக் குழலில் கவசக் குண்டு இரும்பு நட்டைப் போன்றது. மென்காரீயக் குண்டு ஈய நட்டைப் போன்றது. பழைய முறைக் குழலின் கூரிய மேடுகள் காரீயத்தில் ஆழ அழுந்திப் பற்றிக்கொள்ளும். உருண்ட மூலைகள் அவ்வாறு பற்றுவதில்லை. குண்டு சிறிது வழுக்கிச் செல்கிறது; வழுக்கிய இடத்தில் காரீயம் தேய்ந்து குழலில் படிகிறது.

இரண்டாவது காரணம் வாயு. குண்டு குழலின் அளவுக்குச் சற்றே சிறுத்திருந்தாலும், மருந்தின் வெப்ப வாயு அந்த இடுக்கு வழியே பாய்ந்து காரீயத்தை உருக்கியும் அரித்தும் முன்னே வீசுகிறது. அதுவும் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. இந்தப் படிவு தோட்டா அறைக்கு அடுத்தாற்போல், குண்டு முதலில் புரியைச் சந்திக்கும் இடத்தில் மிகுதியாகத் தோன்றும்.

இதனால் விளையும் தீங்கு என்ன? எங்கள் பக்கத்துக் கிணறுகளில் உப்பு நீர் ஏறும் குழாயின் உட்புறத்தில் நாளடைவில் வெள்ளைப் படிவு கட்டிக் குழாய் குறுகிவிடுவதைக் கண்டிருப்பீர்கள். அங்கே தண்ணீர் குறையும், அவ்வளவே. இங்கே குறுகிய வழியில் அடுத்த குண்டு முட்டித் தடைப்படுகிறது. பின்னாலிருக்கும் வாயுவுக்கு விரிய இடமின்றி அழுத்தம் ஏறுகிறது. 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு வகுத்துள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. மோட்டார் வண்டிச் சக்கரத்தில் 30 பவுண்டு காற்று அடைக்கிறோம் என்றால், இது அதனினும் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்டது. இயல்பான நிலையிலேயே இவ்வளவு. இதற்கு மேலும் ஏறினால் கூடு பிளக்கும். குழல் வெடிக்கவும் கூடும். அன்றியும், படிவின் காரணமாகத் தோட்டா அறைக்குள் முழுவதும் அமராமல், பின்புறம் சற்றே தாங்கலின்றி நிற்கும் நிலையில் வெடிப்பு நேர்ந்தால், பித்தளைக் கூடு அவ்விடத்தில் கிழிந்து வாயு சுடுவோன் கையை நோக்கியே திரும்பும். சுடுவோனின் விரலும் கண்ணும் பணயமாகின்றன. இத்தனையும் முன்னறிவிப்பின்றி நேரக்கூடியது என்பதே இதன் கொடுமை. நேற்றுவரை ஒன்றும் ஆகவில்லை என்பது நாளைக்குப் பிணை ஆகாது. ஏனெனில் படிவு ஒவ்வொரு வேட்டுக்கும் கூடிக்கொண்டே செல்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதனையும் நடுநிலையோடு எடுத்துரைப்பது கடமை. மேனாடுகளில் தாமே குண்டு வார்த்துப் பயிலும் அனுபவசாலிகள், “காரீயத்தைக் கடினமாக்கி, அளவைச் சரியாக அமைத்து, நல்ல மெழுக்கிட்டு, அடிக்கடி குழலைத் துடைத்தால் பலகோணக் குழலிலும் தீங்கின்றிச் சுடலாம்” என்பார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. காரீயத்தோடு ஆண்டிமனியும் வெள்ளீயமும் சேர்த்தால் அது கடினமாகும். பழைய லைனோடைப் அச்சு உலோகம் அத்தகைய கலவையே. நூறில் ஏறக்குறைய 84 பங்கு காரீயம், 12 பங்கு ஆண்டிமனி, 4 பங்கு வெள்ளீயம். தூய காரீயத்தின் கடினம் பிரினெல் அளவில் ஏறக்குறைய 5 என்றால், இக்கலவையின் கடினம் ஏறக்குறைய 22. கவ்வும் ஆற்றல் இதனால் மிகும்.

ஆனால் இவர்களுடைய கூற்றையே ஊன்றிக் கவனியுங்கள். கலவை சரியாக இருந்தால், அளவு சரியாக இருந்தால், மெழுக்கு சரியாக இருந்தால், தூய்மை தவறாமல் இருந்தால் என நான்கு “ஆல்”களின் மேல் அவர்களுடைய பாதுகாப்பு நிற்கிறது. இவற்றுள் ஒன்று தவறினாலும் அது வெளியே தெரிவதில்லை. தம் குழலைத் தாமே அளந்து, ஒவ்வொரு நாளும் சோதிக்கும் ஒரு தனிமனிதருக்கு அது இயலலாம். பலர் கைமாறும் ஆயுதத்தை வைத்திருக்கும் ஒரு படைக்கோ காவல் நிலையத்துக்கோ அது இயலாது. ஆகவே உற்பத்தியாளர் விதித்த விலக்கு, திறமை மிக்கவரை நோக்கிச் சொன்னது அன்று. எல்லோரையும் ஒருங்கே காப்பதற்காகச் சொன்னது. விதிக்கும் விதிவிலக்குக்கும் உள்ள உறவை இங்கே காணலாம்.

இன்னொரு தவறான எண்ணமும் வழங்குகிறது. காரீயக் குண்டுகளைச் சுட்டபின் இரண்டொரு கவசக் குண்டுகளைச் சுட்டால் அவை படிவைத் துடைத்துக்கொண்டு போய்விடும் என்பர். இது ஆபத்தான உபாயம். படிவு கட்டிக் குறுகிய குழலில் அதனினும் கடினமான குண்டைச் செலுத்துவது, அடைபட்ட மதகைத் திறக்க வெள்ளத்தையே ஏவுவது போன்றது. துடைப்புக் கோலும் தூரிகையுமே இதற்கு மருந்து. மேலும், எல்லாக் குழலும் ஒரே மாதிரி அல்ல. 2017இல் வெளிவந்த ஐந்தாம் தலைமுறைக் கிளாக்குகளில் குழலின் உட்புற வடிவமே மாற்றியமைக்கப்பட்டது. ஆகவே பெயரைக் கொண்டு முடிவு கட்டாமல், அந்தந்த ஆயுதத்துக்குரிய கையேட்டைப் படித்து நடப்பதே அறிவுடைமை.

அப்படியாயின் காரீயத்துக்கு இனி இடமே இல்லையோ என்றால், நிரம்ப உண்டு. ஒலிம்பிக் விளையாட்டில் சுடப்படும் .22 தோட்டாவின் குண்டு காரீயமே. காற்றுத் துப்பாக்கியின் குண்டும் வழக்கமாகக் காரீயமே. அங்கே அழுத்தம் குறைவு. குழலின் புரியும் அதற்கேற்றது. காரீயத்தின் மென்மை அங்கே துல்லியத்துக்கு உதவுகிறது. காற்றுத் துப்பாக்கிப் போட்டிகளில் உலக அளவில் பதக்கங்கள் வென்ற இளவேனில் வாலறிவன் 1999இல் கடலூரில் பிறந்தவர். ராபின்ஸ் மறைந்த அதே ஊரிலிருந்து, காரீயக் குண்டைக் கொண்டு புகழ் நாட்டிய ஒரு பெண்மணி தோன்றியிருப்பது நமக்கு மகிழ்ச்சி தருவது.

நம் நாட்டில் இதற்குச் சட்டத்தின் எல்லையும் உண்டு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இன்றித் துப்பாக்கியோ தோட்டாவோ ஆக்குவது குற்றம். 9 மில்லிமீட்டர் ஆயுதம் பொதுமக்களுக்கு விலக்கப்பட்ட வகையைச் சேர்ந்தது. ஆகவே வீட்டில் குண்டு வார்க்கும் பழக்கம் இங்கே பொதுமக்களிடம் வேரூன்றவில்லை. அது நன்மையே என்பேன். அதற்கு வேறொரு காரணமும் உண்டு.

காரீயம் நஞ்சு. குழலில் அது படிவது கண்ணுக்குத் தெரியும். உடலில் அது படிவது தெரியாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் காணப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பெட்ரோலில் காரீயம் கலப்பதை நம் நாடு 2000ஆம் ஆண்டில் நிறுத்தியது இதனாலேயே. மூடிய சுடுகளத்தில் காற்றோட்டம் இல்லாவிடில் ஒவ்வொரு வேட்டின் புகையோடும் காரீயத்தூள் மூச்சில் ஏறும். சுடுகளத்தில் பணிபுரிவோர் உணவு உண்ணுமுன் கையையும் முகத்தையும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். அந்த உடையோடு வீட்டுக்குச் சென்று குழந்தையைத் தூக்கலாகாது. சுடுகளத்து மண்மேட்டில் கிடக்கும் குண்டுகளைப் பொறுக்கி உருக்கி விற்க முனைவதும், பழைய மின்கலங்களை உடைத்து வீட்டு முற்றத்தில் காரீயம் உருக்குவதும் பெருந்தீங்கு. இதனைப் பெற்றோர்களும் ஆசிரியர்களும் சிறுவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துக் கொள்வோம். காரீயம் மென்மையானது, அம்மென்மை குறைந்த அழுத்தத்தில் குணம், மிகுந்த அழுத்தத்தில் குறை. பலகோணக் குழல் வழவழப்பானது. அது கவசக் குண்டுக்கு நன்மை, வெறுங்காரீயத்துக்குப் பிடிப்பின்மை. விட்வொர்த் இரண்டையும் ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்தார், வென்றார். பொருத்தம் பாராமல் இரண்டையும் கூட்டுவோர் தம் கையையும் கண்ணையும் பணயம் வைக்கின்றனர். ஆயுதம் ஏந்தும் பணியில் நம் ஊர்களிலிருந்து எத்தனையோ இளைஞர்கள் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு விதியைச் சொல்லும் அதிகாரிகள் அதன் காரணத்தையும் உடன் சொல்வார்களாயின், இரண்டு நிமிடம் கூடுதலாகச் செலவாகும்; ஓர் இளைஞனின் வலக்கை காப்பாற்றப்படும்.